யாரையும் தப்பவிடாதீர்கள்: ‘லா டிராவியாட்டா’வை மேடையேற்றப்போகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள இயக்குநர்களே, மேடை வடிவமைப்பாளர்களே, அரங்க நிர்வாகிகளே,

உலகின் ஓபரா அரங்குகளில் மிக அதிகமாக மேடையேறும் படைப்புகளில் ஒன்று ஜுசெப்பே வெர்டியின் ‘லா டிராவியாட்டா’. அடுத்த பருவத்துக்கு உங்களில் பலர் இதை எடுத்துக்கொண்டிருப்பீர்கள். முதல் கூட்டத்திலேயே ஒரு கேள்வி எழும்: கதையை எந்தக் காலத்தில் வைப்பது? 1850களின் பாரிஸிலா, இன்றைய ஒரு பெருநகரத்திலா, காலமே தெரியாத வெற்று மேடையிலா? இந்த ஓபராவின் பிறப்பைத் திரும்பிப் பார்த்தால் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று மிச்சமிருக்கிறது. அதைப் பற்றிப் பேசத்தான் இந்த மடல்.

1853 மார்ச் 6 அன்று வெனிஸ் நகரின் லா ஃபெனீச்சே அரங்கில் இது முதன்முதலாக மேடையேறியது. அன்றைக்கு இது சமகாலக் கதை. பாரிஸில் செல்வந்தர்களின் ஆசைநாயகியாக வாழ்ந்த மாரி டியூப்ளெஸி 1847இல் காசநோயால் இறந்தார், வயது 23. அவரோடு நெருங்கிப் பழகிய இளைய அலெக்சாந்தர் டூமா 1848இல் அவரை மனத்தில் வைத்து நாவல் எழுதினார். 1852 பிப்ரவரியில் அது நாடகமாகி பாரிஸ் மேடைக்கு வந்தது. அந்தக் குளிர்காலத்தில் வெர்டியும் பாரிஸில்தான் இருந்தார். அடுத்த ஆண்டே, பியாவே எழுதிய பாடல் வரிகளோடு, ஓபரா தயாராகிவிட்டது.

பாடகர்கள் அன்றைய உடையிலேயே மேடைக்கு வர வேண்டும் என்று வெர்டி விரும்பினார். அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. கதையை 1700ஆம் ஆண்டு வாக்கில் தள்ளிவைத்து, பழங்கால உடுப்பு மாட்டித்தான் அரங்கேற்றினார்கள். இந்த மறுப்பின் காரணத்தை ஊகிப்பது கடினமில்லை. கீழே உட்கார்ந்திருக்கும் கனவானின் கோட்டும் மேடையில் நிற்கும் கனவானின் கோட்டும் ஒரே தையற்காரரிடம் தைத்ததுபோல் இருந்தால், கதை யாரைப் பற்றியது என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்காது. 1700 என்று சொல்லிவிட்டால் எல்லோரும் நிம்மதியாகப் பாட்டுக் கேட்கலாம்.

அந்த வேடம் நெடுங்காலம் நீடித்தது. பல பத்தாண்டுகள் கழித்து 1850களின் உடைக்கு மேடை திறந்தபோது, அந்த உடையும் பழங்காலத்து உடையாகிவிட்டிருந்தது. ஆகவே, விரிந்த பாவாடையும் சரவிளக்கும்தான் மரபு என்று உங்களிடம் யாராவது வாதாடினால் தயங்க வேண்டாம். இந்தப் படைப்பாளி கேட்டது தன் காலத்து உடையை. உங்கள் காலத்து உடையைப் போட உங்களுக்கு முழு உரிமை உண்டு.

ஆனால் உடையை மாற்றிவிட்டதாலேயே வேலை முடிந்துவிடாது. இந்த ஓபராவில் ஒரு பெண்ணின் வாழ்க்கையைப் பறிப்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. குடும்பம், குழந்தை குட்டி என்று மரியாதையாக வாழ்கிறவர்கள், டிக்கெட் வாங்கி உங்கள் அரங்கில் வந்து அமர்கிறவர்களைப் போன்றவர்கள். நீங்கள் எந்தக் காலத்தைத் தேர்ந்தாலும் அவர்களைத் தப்பவிடாதீர்கள். நான் கேட்பது இது ஒன்றுதான். மற்றதெல்லாம் இதிலிருந்து பிறப்பவை.

இரண்டாம் அங்கத்தின் முதல் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். விருந்தும் கேளிக்கையும் விட்டுவிட்டு, கதாநாயகி வயலெட்டா தன் காதலன் ஆல்ஃபிரடோவோடு பாரிஸுக்கு வெளியே ஒரு கிராமத்து வீட்டில் வாழ்கிறாள். ஆல்ஃபிரடோ வெளியே போயிருக்கும் நேரம் பார்த்து அவன் தந்தை ஜெர்மோன் வருகிறார். மகனின் சொத்தைக் கரைப்பவள் என்று எண்ணிக்கொண்டு கடுகடுப்போடு பேசத் தொடங்குகிறார். அவளோ தன் உடைமைகளை விற்றுத்தான் குடித்தனம் நடக்கிறது என்பதற்கான தாள்களை எடுத்து நீட்டுகிறாள். ஜெர்மோன் தடுமாறிப்போகிறார். அவருடைய குரல் தணிகிறது. அதற்குப் பிறகுதான் உண்மையான ஆபத்து தொடங்குகிறது. தனக்கு ஒரு மகள் இருக்கிறாள், கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, அண்ணன் இப்படி ஒருத்தியோடு வாழ்ந்தால் மாப்பிள்ளை வீட்டார் ஒதுங்கிவிடுவார்கள் என்கிறார். வயலெட்டா தன் நோயைச் சொல்கிறாள், தனக்கு உற்றார் உறவினர் யாருமில்லை என்கிறாள். அவர் பரிவோடு கேட்டுக்கொள்கிறார். கேட்டுவிட்டு, அழகு வாடும் நாளில் ஆண்மனம் மாறும், தேவாலயத்தின் ஆசி இல்லாத உறவு அன்றைக்கு எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும் என்று அடுத்த நியாயத்தை வைக்கிறார்.

அவர் சொல்வதில் எந்த வாக்கியம் பொய்? எதுவும் இல்லை. எல்லாமே ஒரு நல்ல தகப்பன் சொல்லக்கூடியதுதான். ஏறக்குறைய 20 நிமிடம் நீளும் இந்தக் காட்சியில், அரட்டாமல், அடிக்காமல், கண்ணீரோடு ஒரு மனிதர் இன்னொரு உயிரைப் பிடுங்கிக்கொண்டு போகிறார். இணங்கிவிட்ட அவள், ஒரு மகளைப் போலத் தன்னை ஒருமுறை தழுவிக்கொள்ள வேண்டும் என்று கேட்கிறாள். முதல் அரங்கேற்றம் தோற்ற பிறகு வெர்டி சில பகுதிகளைத் திருத்தியபோது இந்தக் காட்சியிலும் கை வைத்தார். 1854 மே 6 அன்று, அதே வெனிஸில், சான் பெனெடெட்டோ அரங்கில் திருத்திய வடிவம் வென்றது.

ஜெர்மோனை வெர்டி வெறுக்கவில்லை என்றே நினைக்கிறேன். 1840இல் மனைவி மார்கரீட்டாவையும், அதற்கு முன்பே இரண்டு குழந்தைகளையும் பறிகொடுத்தவர் அவர். பிறகு பாடகி ஜுசெப்பினா ஸ்ட்ரெப்போனியோடு திருமணம் செய்யாமலே வாழ்ந்தார். மணமாகாமல் பிள்ளை பெற்றவள் என்று ஸ்ட்ரெப்போனியைப் பற்றி ஏற்கெனவே பேச்சு இருந்தது. வெர்டியின் ஊரான புஸ்ஸெட்டோவின் வாய் ஓயவில்லை. மார்கரீட்டாவின் தந்தை அன்டோனியோ பரேட்ஸி, வெர்டியைப் படிக்கவைத்து ஆளாக்கியவர், அவரும் இது குறித்துத் தன் மனவருத்தத்தைத் தெரிவித்தார். 1852 ஜனவரியில் வெர்டி அவருக்கு எழுதிய பதில், தன் வீட்டில் வாழும் பெண் யாருக்கும் கணக்குச் சொல்லத் தேவையில்லை என்று உறுதியாக நின்றது. ஆனாலும் பரேட்ஸி மீது அவர் வைத்திருந்த அன்பு குறையவில்லை. பாசமுள்ள பெரியவர்கள் எப்படிக் காயப்படுத்துவார்கள் என்பதை வீட்டிலேயே கண்டவர் எழுதிய இசை இது. 1859இல்தான் வெர்டியும் ஸ்ட்ரெப்போனியும் மணம் செய்துகொண்டார்கள்.

ஆகவே ஜெர்மோனை அரக்கனாக்காதீர்கள். இன்றைய பல மேடைகளில் இந்தத் தவற்றைப் பார்க்கிறேன். வயலெட்டாவின் கையை முறுக்குகிறார், பணக்கட்டை நீட்டுகிறார், காமத்தோடு உரசுகிறார். பார்ப்பவர்களுக்கு அது மிகவும் வசதி. நான் அப்படிப்பட்டவன் இல்லையே என்று சாய்ந்து உட்கார்ந்துவிடலாம். கண்ணியமான ஜெர்மோனிடமிருந்து அப்படித் தப்ப முடியாது. ஜெர்மன் இயக்குநர் பீட்டர் கான்விட்ச்னி 2011இல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் மேடையேற்றியபோது, திரைச்சீலைகளும் ஒரு நாற்காலியும் தவிர மேடையில் அதிகம் எதையும் வைக்கவில்லை. ஆனால் மூலத்தில் பேச்சில் மட்டும் வரும் அந்த மகளை ஜெர்மோனோடு கூட்டிவந்து நேரே நிறுத்தினார். யாருக்காக இந்தத் தியாகம் என்று வயலெட்டா கண்ணால் பார்த்துவிடுகிறாள். நாமும் பார்த்துவிடுகிறோம். துணிச்சலான மாற்றம்தான். ஆனால் கதையின் நரம்பைத் தொட்ட மாற்றம்.

அடுத்து, வயலெட்டாவின் தோழி ஃப்ளோராவின் வீட்டு விருந்து. வயலெட்டா தன்னை விட்டு ஓடிவிட்டாள் என்று நம்பும் ஆல்ஃபிரடோ, சூதாட்டத்தில் வென்ற பணத்தை எல்லார் முன்னிலையிலும் அவள் காலடியில் எறிகிறான். அவளோடு வாழ்ந்ததற்குக் கூலி. விருந்தினர் கொதித்தெழுகிறார்கள். அந்த நேரத்தில் உள்ளே வரும் ஜெர்மோன், பெண்ணை அவமதிப்பவன் அவமதிப்புக்கே உரியவன் என்று மகனைக் கண்டிக்கிறார். அவர் பாடும் அடுத்த வரிகளைக் கவனியுங்கள். இத்தனை பேரில் அவளுடைய நல்ல மனம் தனக்கு மட்டுமே தெரியும், ஆனாலும் வாயைத் திறக்க முடியாது என்று தனக்குள் சொல்லிக்கொள்கிறார். ஒரே ஒரு வாக்கியத்தில் அவளைக் காப்பாற்றியிருக்கலாம். மகளின் கல்யாணத்துக்காக விழுங்கிவிடுகிறார். பெரும்பாலான தயாரிப்புகளில் இந்த வரிகள் கூட்டு இசையின் பெருக்கில் மூழ்கிப்போகின்றன. ஜெர்மோன் எங்கே நிற்கிறார், அந்த நொடியில் யாரைப் பார்க்கிறார் என்று நீங்கள் முடிவு செய்தே ஆக வேண்டும். ஒளியமைப்பாளர் அவரைக் கொஞ்சம் பிரித்துக் காட்டினாலும் போதும்.

அந்தப் பணத்தையும் மேடையில் தெளிவாகக் காட்டுங்கள். இந்த ஓபரா முழுக்கப் பணம் கைமாறிக்கொண்டே இருக்கிறது. கிராமத்து வீட்டில், வண்டியும் குதிரைகளும் விலைபோவதையும், இன்னும் 1,000 லூயி தேவைப்படுவதையும் பணிப்பெண் அன்னீனா சொல்லித்தான் ஆல்ஃபிரடோ தெரிந்துகொள்கிறான். லூயி என்பது 20 ஃபிராங்க் மதிப்புள்ள தங்க நாணயம். விருந்தில் அவன் எறிவது சூதில் வென்றது. மூன்றாம் அங்கத்தில், சாகக் கிடக்கும் வயலெட்டா பெட்டியில் எவ்வளவு மிச்சம் என்று கேட்கிறாள். 20 லூயி. அதில் பத்தை ஏழைகளுக்குக் கொடுத்துவிடச் சொல்கிறாள். மீதிப் பத்து தனக்குப் போதும் என்கிறாள். தெருவில் அப்போது திருவிழா ஆர்ப்பாட்டம். இந்தச் சின்ன உரையாடலை அவசரமாகக் கடந்துபோகாதீர்கள். காதலனுக்காக எல்லாம் விற்றவள், கடைசிச் சில்லறையிலும் பாதியைப் பிரித்துக் கொடுக்கிறாள். ஆபரணம், வீட்டுச் சாமான், வண்டி என்று முதல் அங்கத்தில் நிறைந்திருந்த மேடை, அங்கத்துக்கு அங்கம் காலியாகிக்கொண்டே வந்தால், ஒரு வார்த்தை இல்லாமலே பார்வையாளருக்குக் கணக்குப் புரிந்துவிடும்.

கதையை நம் காலத்துக்குக் கொண்டுவந்தால் காசநோயை என்ன செய்வது என்று நீங்கள் கேட்பீர்கள். இயக்குநர் சைமன் ஸ்டோன் 2019இல் பாரிஸின் பலே கார்னியே அரங்கில் பாடகி பிரிட்டி யெண்டேயை வைத்து இயக்கியபோது, வயலெட்டா சமூக ஊடகப் பிரபலம், திரை முழுக்கக் கைபேசிச் செய்திகள், நோய் புற்றுநோய். அவருடைய தேர்வை மதிக்கிறேன். ஆனாலும் காசநோயை விட்டுவிட வேண்டிய கட்டாயமில்லை. மருந்து கண்டுபிடித்து முக்கால் நூற்றாண்டு கடந்த பின்னும் அது ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொல்கிறது. சத்தான சாப்பாடு இல்லாதவர்களை, காலத்தில் மருத்துவரிடம் போக முடியாதவர்களை, பக்கத்தில் ஆளில்லாதவர்களைத்தான் அது முதலில் பிடிக்கிறது. எல்லாம் விற்றுத் தீர்த்துத் தனித்துக் கிடக்கும் வயலெட்டாவுக்கு இன்றும் அது நம்பத்தகுந்த நோய்தான். நோயை அழகான வெளிறிய முகமாகவோ, விதியின் குறியீடாகவோ மாற்றிவிட்டால், அவளைத் தனிமைக்குத் தள்ளியவர்கள் கண்ணில் படாமல் போய்விடுவார்கள்.

அவளைத் தூய்மைப்படுத்தவும் வேண்டாம். ரோம் நகரத்துத் தணிக்கை, வயலெட்டாவை மாசுமறுவற்றவளாக்கிக் கதையைத் திருத்தியபோது வெர்டி கொதித்துப்போனார். அவள் யாரோ அவளாகவே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எல்லாப் பாத்திரமும் குலைந்துபோகும் என்பது அவர் வாதம். இன்றைய மேடையில் அந்தத் தணிக்கை வேறு உருவத்தில் வருகிறது. சிறுவயதுக் கொடுமைக்கு ஆளானவள், யாரோ கட்டாயப்படுத்தியதால் இந்த வாழ்க்கைக்கு வந்தவள் என்று முன்கதை சேர்த்து அவளுக்கு மன்னிப்பு வாங்கித் தருகிறார்கள். மன்னிக்கப்பட வேண்டியவள் அவள் இல்லை. தன் உடலால் சம்பாதித்தவள், சிரிக்கத் தெரிந்தவள், விருந்தை விரும்பியவள், அவளையே மதிக்கச் சொல்கிறது இந்த இசை.

காலத்தை மாற்றியும் இந்த நேர்மையைக் காத்த தயாரிப்புகள் உண்டு. 1955 மே மாதம் மிலானின் லா ஸ்காலாவில் லூக்கீனோ விஸ்கோன்டி கதையை 19ஆம் நூற்றாண்டின் இறுதிக்கு நகர்த்தினார். கார்லோ மரியா ஜூலீனி இசை நடத்தினார். விருந்து முடிந்து ஆட்கள் போன பின், வயலெட்டாவாகத் தனியே நிற்கும் மரியா காலஸ் காலணிகளை உதறிவிட்டுப் பாடினார். ஒரு சீமாட்டி மேடையில் செருப்பை உதறுவதா என்று பலர் முகம் சுளித்தார்கள். வேலை முடிந்து வீடு திரும்பிய எந்தப் பெண்ணும் செய்வதைத்தான் காலஸ் செய்தார். வில்லி டெக்கர் 2005இல் சால்ஸ்பர்க்கில் எல்லாவற்றையும் துடைத்தெறிந்தார். வளைந்த வெள்ளைச் சுவர், பெரிய கடிகாரம், சிவப்பு சோஃபா, சிவப்பு உடையில் அன்னா நெட்ரெப்கோ. கோரஸில் பெண்களும் ஆண்களின் கறுப்புக் கோட்டு அணிந்து ஒரே திரளாக அவளைச் சூழ்ந்தார்கள். காலத்தால் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு தயாரிப்புகள். இரண்டிலுமே, அவளைச் சுற்றி நிற்பவர்கள் யார் என்ற கேள்வி கூர்மையாக இருந்தது.

இசை விஷயத்தில் சில வேண்டுகோள்கள். வழக்கமாக வெட்டப்படும் பகுதிகளைத் திரும்பக் கொண்டுவாருங்கள். மகனைத் தேற்றும் ஜெர்மோனின் புகழ்பெற்ற பாட்டுக்குப் பின், பழையதை மறந்துவிடுவோம் என்று அவர் துள்ளலாகப் பாடும் பகுதி ஒன்று உண்டு. சுவை குறைந்தது என்று சொல்லி அதை நீக்கிவிடுகிறார்கள். ஒரு பெண்ணின் வாழ்க்கையை முடித்துவைத்த அதே பகலில் அவரால் இவ்வளவு இலேசாகப் பாட முடிகிறது என்பதைக் கேட்க வேண்டாமா? முதல் அங்கத்தின் முடிவில் பாடகிகள் தொடும் அந்த உச்ச ஸ்வரம் வெர்டி எழுதியதில்லை. தொட முடிந்தவர் தொடட்டும். அதற்காகக் கதையை நிறுத்திவிட்டுக் காத்திருக்காதீர்கள்.

மூன்றாம் அங்கத்தில் ஜெர்மோனின் கடிதத்தை வயலெட்டா பாடுவதில்லை, பேசுகிறாள். முதல் அங்கத்தில் ஆல்ஃபிரடோ காதலைச் சொன்ன மெட்டு அடியில் மெலிதாக ஓடுகிறது. கடிதம் காகிதத்தில் இருந்தாலும் கைபேசியில் இருந்தாலும் சரி, படிப்பது அவள் குரலாகவே இருக்கட்டும். ஜெர்மோனின் பதிவுசெய்த குரலை ஒலிபெருக்கியில் விடாதீர்கள். அவள் அதைப் பலமுறை படித்துவிட்டாள். உண்மையை மகனிடம் சொல்லிவிட்டேன், அவன் வருவான், நானும் வருவேன் என்று ஜெர்மோன் எழுதியிருக்கிறார். பேசாமலிருந்த மனிதர் கடைசியில் பேசிவிட்டார், பயனில்லாத நேரத்தில். அந்தத் தாமதத்தை அவள் வாயால் கேட்க வேண்டும்.

மேடைக்கு மேல் ஓடும் மொழிபெயர்ப்பு வரிகளிலும் கவனம் வையுங்கள். 1983இல் கனடிய ஓபரா கம்பெனி ‘எலெக்ட்ரா’வில் தொடங்கிவைத்த இந்த ஏற்பாடு, இத்தாலியம் தெரியாத என்னைப் போன்றவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது. ஆனால் ஜெர்மோன் வாய் திறக்கும் முன்பே அவர் கேட்கப்போவது திரையில் வந்துவிட்டால் அந்தக் காட்சி அங்கேயே செத்துவிடும். வரிகளை இயக்குபவரையும் ஒத்திகைக்கு அழையுங்கள்.

பாடகியைத் தேர்ந்தெடுக்கும்போது அளவுநாடாவைக் கையில் எடுக்காதீர்கள். முதல் வயலெட்டாவான ஃபானி சல்வீனி டொனாட்டெல்லியின் பருத்த உடலைப் பார்த்து, காசநோய்க் காட்சியில் வெனிஸ் அரங்கு சிரித்தது என்பார்கள். முதல் அங்கத்தில் அதே பாடகிக்குக் கைத்தட்டலும் கிடைத்தது. குரலும் நடிப்பும் நம்பவைத்தால் உடல் தடையாக இருக்காது.

இளைஞர்கள் ஓபராவுக்கு வருவதில்லை என்ற கவலை உங்களுக்கு உண்டு. அவர்களைக் கவர மேடையில் கைபேசி காட்ட வேண்டிய அவசியமில்லை. வீட்டாரின் பேருக்காகத் தன் காதலைவிட்டு விலகச் சொல்லப்பட்டவர்கள், கடந்த காலத்தைச் சொல்லிக் காட்டப்பட்டவர்கள் எந்த நகரத்திலும் இருக்கிறார்கள். குறைந்த விலையில் சில இருக்கைகளை அவர்களுக்காக ஒதுக்குங்கள். ஜெர்மோன் பேசத் தொடங்கியதுமே அவர்களுக்கு ஆளை அடையாளம் தெரிந்துவிடும்.

ஒத்திகைக்குத் திட்டம் போடும்போது ஜெர்மோன் காட்சிக்கு எல்லாவற்றையும்விட அதிக நேரம் ஒதுக்குங்கள். விருந்துக் காட்சியின் நடனத்தைக் குறைத்தாவது அந்த நேரத்தைக் கண்டுபிடியுங்கள். கோரஸில் பாடுபவர்களையும் உட்காரவைத்துப் பேசுங்கள். முதல் அங்கத்தில் வயலெட்டாவின் மதுவைக் குடித்தவர்கள், இரண்டாம் அங்கத்தில் அவளுக்காகக் கொதித்தவர்கள், மூன்றாம் அங்கத்தில் ஒருவர்கூட எட்டிப் பார்ப்பதில்லை. ஏன் வரவில்லை என்று அவர்கள் ஒவ்வொருவரையும் கேளுங்கள். வேலை இருந்தது என்பார் ஒருவர், நோய் தொற்றிவிடும் என்பார் இன்னொருவர், வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை என்பார் மற்றொருவர். எல்லாமே நியாயமான காரணங்களாகத்தான் இருக்கும். அந்தக் காரணங்களை மனத்தில் வைத்துக்கொண்டே அவர்கள் முதல் அங்கத்தின் விருந்துக்கு வந்து கோப்பையை உயர்த்தட்டும்.

மிகுந்த அன்புடனும் எதிர்பார்ப்புடனும்,
உங்கள் அரங்கின் பார்வையாளர்களில் ஒருவர்